செவிக்கு எட்டாத சிரிப்பு

முதலியார்பேட்டையில் கடலூர் சாலை ரயில்வே கேட் விழுந்துவிட்டால் பாதி ஊர் அங்கே நின்றுவிடும். ஒருபக்கம் பழைய ரோடியர் மில்லின் மதில், இன்னொருபக்கம் ஹாரனிலிருந்து கையை எடுக்காத கடலூர்ப் பேருந்துகள், இடையில் பள்ளி வேன்களும் ஸ்கூட்டர்களும். மும்பை தாதரிலிருந்து வரும் சாளுக்கியா எக்ஸ்பிரஸும் இந்தக் கேட்டைத் தாண்டித்தான் புதுச்சேரி நிலையத்துக்குள் நுழைகிறது. காத்து நிற்பவர்களுக்கு அது ‘பம்பாய் வண்டி’. அதன் பலகையில் இருக்கும் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற சொல்லைத் தமிழாக்கச் சொல்லி யாரும் தண்டவாளத்தில் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. 2005இல் அதே சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு வந்த ஒரு தமிழ்ப் படத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

‘மும்பை எக்ஸ்பிரஸ்’ கமல்ஹாசன் எழுதித் தயாரித்து நடித்த படம். இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ், இசை இளையராஜா. குற்றத்தை வைத்துச் சிரிக்கவைத்த தமிழ்ப் படங்களை யார் பட்டியலிட்டாலும் ‘மைக்கேல் மதன காமராஜன்’ வரும், ‘சூது கவ்வும்’ வரும், இது விடுபட்டுப்போகும். அவ்வளவு பெரிய நடிகரின் படத்தைப் போய் அதிகம் அறியப்படாத படம் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். பெயர் தெரிவது வேறு, படம் தெரிவது வேறு. இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலோர்க்கு நினைவிருப்பவை இரண்டுதான்: தலைப்புக்கு வந்த தகராறு, ‘சந்திரமுகி’யிடம் வாங்கிய அடி. ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால் விழிப்பார்கள். அந்த இரண்டு காரணங்களும் பொய்யல்ல. ஆனால் அவற்றோடு நிறுத்திக்கொண்டால், இந்தப் படத்தின் சிரிப்பு நம்மிடம் ஏன் வந்து சேரவில்லை என்பது விளங்காமலே போய்விடும்.

கதை ஒரு மூச்சில் சொல்லக்கூடியது. செட்டியார் ஒருவரின் மகனைக் கடத்திப் பணம் பறிக்க ஒரு சிறு கும்பல் திட்டம் போடுகிறது. அதற்கு அவர்கள் கொண்டுவரும் கருவி ஒரு கிரேன். கிரேன் ஓட்ட வேண்டியவன் அடிபட்டுப் படுத்துவிட, அவன் இடத்துக்கு வருகிறான் அவினாசி. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிழைப்பவன். ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ அவனுடைய தொழில் பெயர். காது மந்தம். தூக்க வேண்டிய பையன் ஒருவன், தூக்கிவந்த பையன் வேறொருவன். வந்து சேர்ந்த பையனின் தாய் அகல்யா. அவளை ஊரறியாமல் வைத்திருப்பவர் ஒரு போலீஸ் அதிகாரி. பணம் கேட்க வேண்டிய வாசல் எது என்று கும்பலுக்குக் குழப்பம். தனக்குக் குடும்பம் என்று ஒன்று இருப்பதை எப்படி மறைப்பது என்று அதிகாரிக்குக் குழப்பம். பையனுக்கு மட்டும் குழப்பமே இல்லை. கடத்தியவனையே தகப்பனாக வரித்துக்கொள்கிறான்.

இந்தக் கதைக்கு உலகத்தில் பெரிய வம்சம் உண்டு. 1907இல் ஓ. ஹென்றி எழுதிய ஒரு சிறுகதையில், கடத்திவந்த பையனின் தொல்லை பொறுக்க முடியாமல், அவனைத் திரும்ப வாங்கிக்கொள்ள அப்பனுக்கே காசு கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள் கடத்தல்காரர்கள். 1955இல் லண்டனில் வந்த ‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தில் ஒரு கொள்ளைக் கூட்டமே ஒரு கிழவியிடம் தோற்றுப்போகிறது. 1958இல் இத்தாலியில் மாரியோ மோனிசெல்லி எடுத்த படத்தில் சில்லறைத் திருடர்கள் அடகுக்கடைப் பெட்டகத்தைக் குறிவைத்துச் சுவரை உடைத்துப் போய்ச் சேரும் இடம் ஒரு சமையலறை. எல்லாவற்றிலும் அதே மூன்று விதிகள்தான். குற்றம் நடக்க வேண்டும், நடந்த குற்றம் கோணிக்கொள்ள வேண்டும், கோணலுக்கு யாருடைய கெட்டிக்காரத்தனமும் காரணமாக இருக்கக்கூடாது.

இந்த மூன்றாவது விதிதான் தமிழுக்குப் பழக்கமில்லாதது. சித்ராலயா கோபு தம்முடைய மேடை நாடகத்தைப் படமாக்கிய ‘காசேதான் கடவுளடா’வை (1972) எடுத்துக்கொள்ளுங்கள். சித்தியின் பெட்டகத்துப் பணத்தை எடுக்க வீட்டுப் பிள்ளைகளே போலிச் சாமியாரை உள்ளே கொண்டுவருகிறார்கள். தேங்காய் சீனிவாசனின் அப்பாசாமி பேசப்பேச நாம் சிரிக்கிறோம். ஏனென்றால் அவர் யார் என்று நமக்குத் தெரியும், சித்திக்குத் தெரியாது. நாம் எப்போதும் கெட்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ஸில் அப்படி உட்கார ஓர் இடமே கிடையாது. கும்பலுக்குத் தலைமை தாங்கும் பசுபதி, அதற்கு முந்திய ஆண்டுதான் ‘விருமாண்டி’யில் கொத்தாளத் தேவராக வந்து நடுங்கவைத்தவர், இங்கே எடுத்ததெல்லாம் சொதப்புகிறார். வையாபுரி சொதப்புகிறார். கமலும் சொதப்புகிறார். விளம்பரத் தட்டியில் இருந்த நாயகனைத் தேடி உள்ளே போனவனுக்கு, யார் பேசினாலும் “ஆங்?” என்று கேட்கும் ஓர் அப்பாவிதான் கிடைத்தான்.

மரணக் கிணறு பார்த்திருக்கிறீர்களா? சிறுவயதில், மில்லை ஒட்டிய திடலில் பொருட்காட்சி போட்டபோது பார்த்தேன். பலகைகளைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டிய ராட்சதத் தொட்டி. மேல்விளிம்பில் நின்று குனிந்து பார்க்க வேண்டும். வண்டி அடியில் சுற்றத் தொடங்கி, வேகம் கூடக்கூடச் சுவரில் ஏறி, படுத்த வாக்கில் நம் முகத்துக்கு நேராக வந்துவிட்டுப் போகும். பலகை மொத்தமும் அதிரும். சத்தம் தாங்காமல் பக்கத்தில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்த இரைச்சலுக்குள் வாழ்கிறவனைக் காது கேளாதவனாக வைத்தது திரைக்கதையின் நல்ல ஊகம். அவனுக்கு அது தொந்தரவில்லாத தொழில். தொல்லையெல்லாம் கிணற்றுக்கு வெளியே, மனிதர்கள் பேசுகிற இடத்தில்தான்.

இனித் தலைப்புத் தகராறு. 2004க்குப் பிறகு பா.ம.க. நிறுவனர் ராமதாசும் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் திருமாவளவனும் முன்னின்று நடத்திய தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம், தமிழ்ப் படங்களுக்கு ஆங்கிலத் தலைப்பு கூடாது என்று போராடியது. எஸ்.ஜே. சூர்யாவின் ‘பி.எஃப்.’ அந்த எதிர்ப்பில் ‘அன்பே ஆருயிரே’ ஆனது. கமலுக்குத் தலைப்புச் சண்டை புதிதல்ல. ‘சண்டியர்’ என்று தொடங்கிய படத்தைப் புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமியின் எதிர்ப்புக்குப் பின் ‘விருமாண்டி’ என்று மாற்றித்தான் 2004 பொங்கலுக்கு வெளியிட்டார். இந்த முறை அவர் மாற்றவில்லை. படம் தமிழிலும் இந்தியிலும் ஒருசேரத் தயாரானது. இந்திப் பதிப்பில் ஓம் புரியும் விஜய் ராஸும் சவுரப் சுக்லாவும் நடித்தார்கள். இரண்டு மொழிக்கும் ஒரே பெயர் போதும் என்பதில் நியாயம் உண்டு. ஊர்ப் பெயரை எப்படி மொழிபெயர்ப்பது? அந்த ஊர்ப் பெயரும் சும்மா வந்ததல்ல. பம்பாய் 1995இல் மும்பை ஆனதே ஒரு மொழி அரசியலின் விளைவுதான். மண்ணின் மொழிக்காக மாற்றப்பட்ட ஒரு பெயர், இன்னொரு மண்ணில் மொழிக் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

போராடியவர்களைக் கேலி செய்வது எளிது. நான் செய்ய மாட்டேன். தலைப்புகளில் ஆங்கிலம் பெருகிக்கொண்டிருந்தது உண்மை. ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ வெளியாகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஆனால் ஒரு நகைச்சுவைப் படத்துக்கு நேரக்கூடிய பெரிய கேடு, அது வருவதற்கு முன்பே ஊர் அதைப் பற்றி முகத்தை இறுக்கிக்கொண்டு பேசுவது. அறிக்கை, எதிர் அறிக்கை, அரங்குகளுக்குப் பாதுகாப்பு தேவைப்படுமா என்ற பேச்சு என்று வாரக்கணக்கில் ஓடியபின், டிக்கெட் வாங்குகிறவன் ஒரு கட்சியை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறான். சிரிக்கப் போகிறவனுக்குக் கை வீசி நடக்கும் தளர்ச்சி வேண்டும். அது வாசலிலேயே போய்விட்டது.

வெளியான நாள் 2005 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். அன்றே ‘சந்திரமுகி’, அன்றே விஜய்யின் ‘சச்சின்’. ‘பாபா’வின் தோல்விக்குப் பின் இரண்டரை ஆண்டு ஒதுங்கியிருந்து ரஜினி திரும்பி வந்த நாள் அது. ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி அரங்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. இவ்வளவும் எல்லோரும் அறிந்தது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்த வாரம் தெருவெல்லாம் பரவியது ‘சந்திரமுகி’யில் வேட்டையன் எழுப்பும் ஓர் ஓசை. பொருளில்லாத ஓசைதான், ஆனால் பால் பூத்தில் நிற்கும் சிறுவன்கூட அதைச் சொல்லிக் காட்டினான். வடிவேலு வசனங்கள் அதற்குப் பின்னாலேயே வந்தன. படத்தைப் பார்க்காதவனும் அதைக் கேட்டுவிட்டான். ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ பார்த்துவிட்டு வந்தவன் வாசலில் நின்று சொல்லிக் காட்ட என்ன இருந்தது? “ஒரு கிரேன் வருது, அதுல...” என்று தொடங்கி, கையை மேலே கீழே ஆட்டி, “நீயே பாரு, நல்லா இருக்கும்” என்று முடிக்க வேண்டியதுதான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழர்கள் காதால் சிரிப்பவர்கள். சினிமாவைக் கண்ணால் பார்த்ததற்கு இணையாகக் காதால் கேட்டே வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் போட்டால் வீட்டுத் திண்ணையில் படமே ஓடும். கட்டபொம்மன் வசனமும் தருமியின் புலம்பலும் இசைத்தட்டாக, பின்பு கேசட்டாகக் கல்யாண வீடுகளில் ஒலித்தன. கவுண்டமணியும் செந்திலும் பேசிய நகைச்சுவைக் கேசட்டுகள் பேருந்துகளில் ஊர் ஊராகப் போயின. படமே இல்லாமல் பயணிகள் சிரித்தார்கள். இந்தப் பழக்கத்தின் வேர் நாடக மேடையில் இருக்கிறது. மேடைக்கு எழுத்து கொடுத்து, பாட்டும் பேச்சும் கொடுத்து அதை நிலைநிறுத்திய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் கண்மூடியது எங்கள் புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. புதுச்சேரி அரசு சிறந்த தமிழ்ப் படத்துக்குக் கொடுக்கும் விருதும் அவர் பெயரில்தான். நாடகக்காரர் பெயரில் சினிமா விருது என்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே பட்டிருக்கிறது.

கமலின் நகைச்சுவையும் அந்த வேரில் பூத்ததுதான். ‘மைக்கேல் மதன காமராஜன்’, ‘அவ்வை சண்முகி’, ‘பஞ்சதந்திரம்’, ‘வசூல்ராஜா’ எல்லாவற்றிலும் கிரேஸி மோகனின் வாய்ச்சாலம் இருந்தது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்து மோதும், சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ஸுக்கு வசனம் கமலே எழுதினார். சொல்லாட்டம் அனேகமாக இல்லை. ஒருவன் ஒன்று சொல்கிறான். அவினாசிக்கு வேறொன்று விழுகிறது, அல்லது ஒன்றுமே விழுவதில்லை. அதன் பலன் அடுத்த சொல்லில் வராது. ஒரு நிமிடம் கழித்து, சட்டகத்தின் ஏதோ ஒரு மூலையில், ஒரு பொருள் விழுவதிலோ ஒருவன் தவறான கதவைத் திறப்பதிலோ வரும். காதைத் தீட்டிக்கொண்டு கிரேஸி மோகனுக்காகக் காத்திருந்த கூட்டத்துக்கு முன்னால், காது கேட்காதவனைச் சுற்றி ஒரு படத்தைக் கட்டி நிறுத்தினார்கள். துணிச்சலா, கணக்குத் தப்பா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

நான் அதைப் பார்த்தது வெளியான இரண்டாம் வாரத்தில், மதியக் காட்சியில். பாதி நாற்காலிக்கு மேல் காலி. உடன் வந்தவர் பெரியப்பா. சின்ன வயதில் கண்ட காய்ச்சலில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வலதுபக்கம் உட்கார்ந்து சத்தமாகப் பேசினால் கேட்கும். அவரோடு படம் பார்ப்பது தனி வேலை. அரங்கு சிரிக்கும், அவர் என் பக்கம் திரும்பி “என்னடா சொன்னான்?” என்பார், நான் காதில் கத்துவேன், பின்வரிசை திட்டும், அவர் சிரிப்பார். எல்லோரும் ரொக்கத்தில் சிரிக்க, அவர் தவணையில் சிரிப்பார். அன்று மதியம் கதை தலைகீழானது. கிரேன் காட்சியில் அவர் விலா நோகச் சிரிக்கிறார்; அரங்கு சும்மா இருக்கிறது. ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னார்: “எவனுக்கும் எவன் சொல்றதும் கேக்கலடா. அவன் ஒருத்தனுக்குத்தான் செவிடுன்னு பேரு.” அந்தப் படத்துக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

தமிழர்கள் காதால் சிரிப்பவர்கள் என்பதற்கு எதிராக ஒரு வலுவான சான்று உண்டு. அதை மறைத்தால் கட்டுரை நேர்மையாக இருக்காது. 1987இல் இதே சிங்கீதம், இதே கமல், வசனமே இல்லாத ‘பேசும் படம்’ எடுத்தார்கள். அதுவும் ஆள்கடத்தல் கதைதான். பனிக்கட்டிக் கத்தியோடு ஒரு கொலைகாரனும் உண்டு. ஓடியது, தேசிய விருதும் வாங்கியது. காதால் சிரிப்பவர்கள் அதற்கு எப்படிச் சிரித்தார்கள்? என் விடை இது: ‘பேசும் படம்’ தன் நிபந்தனையைத் தலைப்பிலேயே, அதுவும் ஒரு குறும்போடு, சொல்லிவிட்டது. பேச்சு இருக்காது என்று தெரிந்து போனவன் காதை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ அப்படி எதுவும் சொல்லவில்லை. அதில் எல்லோரும் பேசுகிறார்கள், நிறையவே பேசுகிறார்கள். பேச்சு இருக்கும் இடத்தில் சிரிப்பும் அங்கேதான் இருக்கும் என்று நம்பிக் காதைக் கொடுத்தவன் ஏமாந்தான்.

பிரெஞ்சு சினிமா தெரிந்தவர்களுக்கு ழாக் தாத்தி நினைவுக்கு வருவார். 1967இல் வந்த அவருடைய ‘பிளேடைம்’ படத்தில் பேச்சு ஓர் இரைச்சல் மட்டும். சிரிப்பு சட்டகத்தின் மூலைகளில் ஒளிந்திருக்கும். அதற்காகப் பாரிஸுக்கு வெளியே ஒரு நகரத்தையே செட்டாகப் போட்டார், கடனில் மூழ்கினார். இன்று அது உலகின் மிகச் சிறந்த நகைச்சுவைப் படங்களில் ஒன்று. ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ஸை அதற்குச் சமமாக நிறுத்த மாட்டேன். கமலின் படம் பிற்பகுதியில் தளர்கிறது. தாய், மகன், புது அப்பன் என்று பாசம் வந்து உட்கார்ந்த பிறகு முதல் பாதியின் இயந்திரக் கச்சிதம் நெகிழ்ந்துபோகிறது. சில நகைச்சுவைகள் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றுகின்றன. ஆனாலும் சிரிப்பை ஒளித்து வைப்பவனுக்குப் பார்வையாளன் பொறுமை தர வேண்டியிருக்கிறது. முதல் வாரத்தில் அது கிடைப்பதில்லை.

முதல் வாரத்தில் கிடைக்காதது பிற்பாடு கிடைக்கக்கூடாதா? கமலுக்கு அது பலமுறை நடந்திருக்கிறது. 2003இல் தோற்ற ‘அன்பே சிவம்’ தொலைக்காட்சி வழியாக வீடு வீடாகப் போய், இன்று அவருடைய மிக மதிக்கப்படும் படங்களில் ஒன்றாகிவிட்டது. ‘பஞ்சதந்திரம்’ வசனங்கள் மீம்களாக அன்றாடம் சுற்றுகின்றன. அன்று உடன் வந்த ‘சச்சின்’கூட 2025 ஏப்ரலில் மறுவெளியீடாக வந்து அரங்குகளை ஆட்டிவைத்தது. இந்தப் படத்துக்கு மட்டும் மறுபிறவி வாய்க்கவில்லை. காரணம் பழையதுதான். ‘அன்பே சிவ’த்திலிருந்து நாலு வரியை எடுத்துச் சுவரில் எழுதலாம். ‘பஞ்சதந்திர’த்திலிருந்து ஒரு வரியைப் படத்தோடு ஒட்டி நண்பனுக்கு அனுப்பலாம். இதிலிருந்து எடுத்து ஒட்ட வரி கிடையாது. காலம் தாழ்ந்து வரும் புகழ்கூடத் தமிழில் வாய்மொழியாகத்தான் வருகிறது.

தலைப்புச் சண்டையின் வால் இன்னும் நீளம். 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, தமிழில் தலைப்பு வைத்தால் கேளிக்கை வரி முழுவதும் தள்ளுபடி என்று ஆணையிட்டது. போராட்டம் சாதிக்காததைக் கணக்குப் புத்தகம் சாதித்தது. ‘சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்’ முன்பாதியை உதிர்த்துக்கொண்டது. எங்கள் யூனியன் பிரதேசத்துக்கு அந்த ஆணை பொருந்தாது. இருந்தும் படங்கள் சென்னையில் பெயர் மாறித்தான் இங்கே வந்தன. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி எங்கள் ஊருக்கே சட்டப்படி பெயர் மாறியது: பாண்டிச்சேரி போய்ப் புதுச்சேரி. பேருந்து நடத்துநர்கள் இன்னும் “பாண்டி, பாண்டி” என்றுதான் கூவுகிறார்கள்.

இந்த வரி விவகாரத்தில் இன்னொரு குற்ற நகைச்சுவை சிக்கியது. அதை விட்டுவிட மனம் வரவில்லை. புஷ்கர்-காயத்ரி 2010 தீபாவளிக்கு ஒரு படம் கொண்டுவந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வரும் ஓர் இளைஞன் விடிந்தால் சவுதிக்கு விமானம் ஏற வேண்டும். அங்கே போனால் குடி கிடையாது. தேர்தலுக்காக மதுக்கடைகளை மூடிய இரவு. சென்னை முழுக்க ஒரு குவாட்டருக்காக அலைகிறான், அலைந்த இடமெல்லாம் வில்லங்கம். படத்தின் பெயர் ‘குவாட்டர் கட்டிங்’. வரிவிலக்குக்கு அது ஆகாது. என்ன செய்தார்கள்? ‘வ’ என்று பெயர் வைத்தார்கள். பழைய தமிழ் பின்னக் கணக்கில் கால் என்பதற்கான குறி ‘வ’. குவாட்டரும் கால்தான்! ஓர் ஆங்கிலச் சாராய அளவைத் தமிழ்ச் சுவடிக் குறியாக்கி அரசாங்கத்தின் முன் நீட்டிய அந்தக் குறும்பு, படத்தில் இருந்த பல நகைச்சுவைகளைவிட மேல். தமிழ்நாட்டில் கடை மூடினால் எங்கள் ஊர் எல்லையில் வண்டிகள் எப்படி வரிசை கட்டும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். இரவு முழுக்க அவ்வளவு அலைந்ததற்கு மூன்று மணி நேரம் பேருந்து ஏறியிருக்கலாமே என்று அரங்கில் தோன்றியது. அந்தப் படமும் ஓடவில்லை.

ஓடியது, ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ வந்து எட்டு ஆண்டு கழித்து வந்த ‘சூது கவ்வும்’, 2013 மே 1. இயக்கிய நலன் குமரசாமி கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ போட்டியில் குறும்படங்கள் எடுத்துத் தேறியவர். தயாரித்தவர் சி.வி. குமார். ஆள்கடத்தலுக்கு விதிமுறை வகுத்து, சில்லறையாகத் தொழில் செய்யும் ஒரு கும்பல். நேர்மையான அமைச்சரின் மகனிடம் மாட்டிக்கொள்கிறது. கோணிப்போகும் கடத்தல், கெட்டிக்காரன் இல்லாத கூட்டம், கடத்தியவர்களையே மேய்க்கும் கடத்தப்பட்டவன். எலும்புக்கூட்டைப் பார்த்தால் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ஸின் பக்கத்து வீடு. கொண்டாடித் தீர்த்தார்கள். ரசனை முதிர்ந்துவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். பாதி உண்மை. நாயகனாக நடித்த விஜய் சேதுபதியிடம் அன்று யாரும் நாயகத்தனத்தை எதிர்பார்க்கவில்லை, செலவும் சிறிது. படம்பிடிக்க எளிய டிஜிட்டல் கருவிகள் வந்துவிட்டன. அந்தக் கருவியைத் தமிழில் முதலில் சோதித்துப் பார்த்த பெரிய படங்களில் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ஸும் ஒன்று. அரங்குகளில் பிலிம் சுருள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் டிஜிட்டலில் எடுத்து, அந்தத் தெளிவுக்குறைவையும் திட்டாக வாங்கிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதையில் மலிவாக நடந்தார்கள்.

மீதிப் பாதி, ‘சூது கவ்வும்’ காதுக்குத் தீனி போட்டதில் இருக்கிறது. உணர்ச்சியே இல்லாமல் சொல்லப்படும் அதன் வரிகள் கல்லூரி விடுதிகளில் உடனே பழமொழி ஆகின. யோக் ஜேப்பி நடித்த போலீஸ்காரர் அனேகமாக வாயே திறக்காமல், தன் கள்ளத் துப்பாக்கியால் தன்னையே பின்பக்கம் சுட்டுக்கொண்டு சிரிக்கவைத்தார் என்பது உண்மை. ஆனால் அது ஊறுகாய் அளவு. நாயகன் தாஸோ, இல்லாத காதலியின் குரல் கேட்பவன். அவினாசிக்குப் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. தாஸுக்கு யாருக்கும் கேட்காததும் கேட்கும். தமிழ் ரசிகன் தாஸின் பக்கம்.

2015 அக்டோபரில் எங்கள் ஊரே திரைக்கு வந்தது. விக்னேஷ் சிவனின் ‘நானும் ரௌடிதான்’ புதுச்சேரியில் நடக்கிற கதை. போலீஸ்காரியின் மகன், ரௌடி வேஷம் போடுகிற பாண்டி, பழிவாங்கத் துடிக்கும் காதம்பரி, கிள்ளிவளவனாகப் பார்த்திபன். சிறுவயதில் வெடித்த குண்டில் காதம்பரிக்குச் செவி போய்விட்டது. நயன்தாரா தமிழில் முதன்முதலாகத் தம் சொந்தக் குரலில் பேசியது இந்தக் காது கேளாத பெண்ணுக்காகத்தான் என்பது தற்செயலாக இருந்தாலும் ருசியான செய்தி. பத்தாண்டு இடைவெளியில் இன்னொரு குற்ற நகைச்சுவை, நடுவில் கேளாத காது. இந்த முறை செவிட்டுத்தனம் சிரிப்புக்கு இயந்திரம் இல்லை, காதலுக்குக் காரணம். சிரிப்பு முழுக்க மற்றவர்கள் வாயில், பார்த்திபன் வாயில் கொஞ்சம் கூடுதலாக. படம் நன்றாக ஓடியது.

பெரியப்பாவை அதற்கும் அழைத்துப்போனேன். அப்போது அவருக்கு வலது காதும் ஏறக்குறைய போய்விட்டது. தெரிந்த தெரு, தெரிந்த கடற்கரை திரையில் வரும்போதெல்லாம் அரங்கு கூச்சல் போட்டது; அவரும் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். பார்த்திபன் வந்த பிறகு கூட்டம் விடாமல் சிரித்தது. பெரியப்பா பக்கம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே என் பக்கம் திரும்பியிருந்தார்.

“என்னடா சொன்னான்?”